மறு: மறு: நிகழ்நேரத் தேடலா, உடனடித் தேடலா? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை
2009 டிசம்பர் 9, காலை

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாத இதழுக்காகக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: ரியல் டைம் சர்ச்.

அக்டோபர் 21 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில், ட்விட்டரோடும் ஃபேஸ்புக்கோடும் ஒப்பந்தம் செய்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடுபொறிக்காக அறிவித்தது. அதே நாளில் கூகுளும் ட்விட்டரோடு கைகோத்துவிட்டதாகச் சொன்னது. இந்தத் திங்கட்கிழமை கூகுள் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. எதையாவது தேடினால் முடிவுப் பக்கத்துக்குள் ஒரு பெட்டி. ஆட்கள் கீச்சக் கீச்ச அதில் வரிகள் தானாகவே நகர்கின்றன.

நான் 'நிகழ்நேரத் தேடல்' என்று எழுதியிருந்தேன். "யாருக்கும் புரியாது, உடனடித் தேடல் என்று போடுங்கள்" என்கிறார் இதழாசிரியர். என்ன சொல்கிறீர்கள்?


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்
2009 டிசம்பர் 9, மதியம்

அன்பு மகளுக்கு, நிகழ்நேரம் குறையற்ற சொல்தான். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அது வினைத்தொகை. நிகழ்ந்த நேரம், நிகழ்கின்ற நேரம், நிகழும் நேரம் மூன்றும் அதற்குள் அடக்கம். 'காலம் கரந்த பெயரெச்சம்' என்று நன்னூல் சொல்வது இதைத்தான். காலத்தை ஒளித்து வைக்கிற தொகையை எடுத்துக்கொண்டு 'இதோ, இப்போது' என்று காட்டப் புறப்பட்டிருக்கிறோம்!

நேரத்தைவிடப் பொழுது பழமையானது. தொல்காப்பியர் முதற்பொருளை நிலமும் பொழுதும் என்றுதான் வகுத்தார். பொழுதுக்குப் போழ்து என்றும் வடிவம் உண்டு. போழ்தல் என்றால் பிளத்தல். இருளைப் போழ்ந்துகொண்டு கதிர் வருவதால் போழ்து, அது நீண்டு பொழுது என்பது என் நெடுநாள் கருத்து. ஆகவே 'நிகழ்பொழுதுத் தேடல்' என்று வைக்கலாம்.


பொறியாளர், பெங்களூரு
2009 டிசம்பர் 9, இரவு

ஐயா, போழ்தலை இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம். சிறுபொழுது ஒன்றுக்குப் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். இங்கே பேச்சு நொடிக்கணக்கில் நடக்கிறது.

என் மறுப்பு வேறு. ரியல் டைம் என்பது எங்கள் தொழிலில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் சொல். காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கணினி, சக்கரம் வழுக்கினால் குறித்த கெடுவுக்குள் பதில் தந்தாக வேண்டும். சராசரியில் வேகமாக இருந்து ஒருமுறை கெடு தவறினாலும் தோல்விதான். அதற்குத்தான் நிகழ்நேரம் என்று எழுதிவருகிறோம். ட்விட்டர் பெட்டிக்கு அப்படி எந்தக் கெடுவும் கிடையாது.

இன்னொன்று. தேடல் எப்போதோ உடனடியாகிவிட்டது. போன மாதமும் ஒரு நொடிக்குள் விடை வந்தது. புதிதாக வந்தது சரக்கு. தேடுபொறியின் சிலந்தி, அதாவது இணையப் பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் நிரல், இதுவரை பக்கம் பக்கமாகப் போய் மேய்ந்துவிட்டு, மறுபடி எப்போது வருகிறதோ அப்போதுதான் மாற்றம் தெரியும். இப்போது ட்விட்டரே குழாயைத் திறந்து நேராக உள்ளே விடுகிறது. அந்தக் குழாய்க்குத்தான் ஒப்பந்தம். அடைமொழி தேடலுக்குச் சேராது, தேடப்படும் பொருளுக்குத்தான் சேரும். நான் சொல்வது: புதுவரவுத் தேடல்.


கல்லூரி விரிவுரையாளர், கோவை
2009 டிசம்பர் 10, காலை

புதுவரவு என்றதும் எனக்குத் துணிக்கடை பொம்மைதான் கண்ணில் நிற்கிறது. மன்னிக்கவும், தம்பி.

நேற்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒரு பையன் 'லைவ் சர்ச்' என்றான். பொழுது, போழ்து எதுவும் வரவில்லை. டிவியில் நேரலை என்று போடுகிறார்களே, 'நேரலைத் தேடல்' என்றால் என்ன? இல்லையென்றால் சின்னதாக 'நொடித் தேடல்'. நாளைக்குப் பரீட்சையில் எழுதப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.


வாசகர், டொராண்டோ
2009 டிசம்பர் 10

நான் யாழ்ப்பாணத்தவன். எங்கட ஊரில் நொடி என்றால் விடுகதை. "ஒரு நொடி சொல்லுறன், அவிழ் பாப்பம்" என்று அம்மம்மா கேட்பா. நொடித் தேடல் என்றால் நாங்கள் விடுகதை தேடித்தான் போவோம்.

சாக்கோடு சாக்காக ஒன்று: தேடுபொறியா, தேடற்பொறியா? எனக்கு இரண்டாவதுதான் வாயில் வருகுது.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்
2009 டிசம்பர் 10, மதியம்

தேடுபொறியும் வினைத்தொகையே, அதில் குற்றம் ஏதுமில்லை. நொடி காலத்துக்கும் பழைய பெயர்தான். 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்கிறது தொல்காப்பியம். மாத்திரைத் தேடல் என்றே வைக்கலாம். ஆனால் பயல்கள் மருந்துக்கடைக்குப் போய் நிற்பார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

'புரியாது' என்பதை மட்டும் நான் ஒரு வாதமாகவே ஏற்க மாட்டேன். கணினி என்று முதலில் எழுதியபோது எத்தனை பேருக்குப் புரிந்தது? சொல்லைப் புழக்கத்தில் விட்டால் பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும். நேரலை டிவிக்காரர்களிடமே இருக்கட்டும். அலை வழியாக வருவது அவர்கள் சமாச்சாரம்.


மொழிபெயர்ப்பாளர், சென்னை
2009 டிசம்பர் 10, இரவு 11.40

நன்றி, எல்லோருக்கும். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் பாதிக்கு மேல் நிகழ்நேரத்தின் பக்கம். தலைப்பில் 'நிகழ்நேரத் தேடல்', முதல் பத்தியில் மட்டும் 'ரியல் டைம் சர்ச் எனப்படும்' என்று ஒரு ஒட்டு. இதழாசிரியர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். பெங்களூரு அண்ணா சொன்ன குழாய் விளக்கத்தைக் கட்டுரைக்குள் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர் சொல்லைத்தான் எடுத்துக்கொள்ள முடியவில்லை.


பொறியாளர், பெங்களூரு
2009 டிசம்பர் 11

சரி. என் எதிர்ப்பு மடலில் கிடக்கட்டும்.


கல்லூரி விரிவுரையாளர், கோவை
2010 செப்டம்பர் 9

பழைய இழையைக் கிளறுகிறேன். நேற்று கூகுள் 'இன்ஸ்டன்ட்' என்று ஒன்றை விட்டிருக்கிறது. நாம் எழுத்தைத் தட்டத் தட்ட, முழுச் சொல்லும் முடிவதற்குள்ளேயே முடிவுகள் வந்து விழுகின்றன. இதற்குத்தான் உடனடித் தேடல் என்று பெயர் வைக்க வேண்டும். அன்றைக்கு அந்த இதழாசிரியர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று ஒரு சொல்லுக்கு இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டிருக்கும்.


மொழிபெயர்ப்பாளர், சென்னை
2011 ஜூலை 7

கூகுள், ட்விட்டர் ஒப்பந்தம் ஜூலை 2 அன்று முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை. நிகழ்நேரத் தேடலுக்கென்று இருந்த பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். ட்விட்டரில் எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கங்களைச் சிலந்தி பழையபடி மேயுமாம். நேர்க்குழாய் மட்டும் கிடையாது.

நம் சொற்பட்டியல் அடுத்த மாதம் அச்சாகிறது. நிகழ்நேரத் தேடலை வைத்திருக்கவா, எடுத்துவிடவா?


பொறியாளர், பெங்களூரு
2011 ஜூலை 7

கூகுளின் கணினிகள் ஒன்றுகூட மெதுவாகவில்லை. குழாயை மூடினார்கள், அவ்வளவுதான், தேடலே காணாமல் போய்விட்டது. அடைமொழி எதற்குரியது என்று 2009இல் நான் கேட்டேனே, அதற்கு இப்போதாவது யாராவது பதில் சொல்லுங்கள். நிகழ்நேரத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பிரேக்குகள் காத்துக்கொண்டிருக்கின்றன.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்
2011 ஜூலை 8

எடுக்க வேண்டாம், மகளே. பட்டியலின் அச்சுப் பிரதியைப் பார்த்தேன். 'நிகழ்நேர தேடல்' என்று அடித்திருக்கிறார்கள். 'நேரம்' என்பதன் மகர ஈறு (கடைசி ம்) கெட்டால் வல்லினம் மிகும். த் போட்டு அனுப்பவும். அதன் கீழேயே, சின்ன எழுத்தில் என்றாலும் சரி, 'நிகழ்பொழுதுத் தேடல் என்றும் கூறுவர்' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?