ஒரே ஓடுபாதைக்கு 07, 25 என்று இரண்டு எண்கள் ஏன்?

கேள்வி:
கடந்த ஜூலையில் நான் சென்னைக்கு வந்த விமானம் கடற்பக்கமிருந்து, வலப்புறச் சன்னலில் பரங்கிமலை தெரிய, மேற்கு நோக்கித் தரையிறங்கியது. டிசம்பரில் வந்த விமானமோ நிலப்பக்கமிருந்து கிழக்கு நோக்கி இறங்கியது. இரண்டும் ஒரே ஓடுபாதைதான் என்றும், அதன் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும் என்றும் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். சென்னையில் இருபத்தைந்து ஓடுபாதைகள் இல்லை என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன?

மறுமொழி 1:
அவை திசையைக் குறிக்கின்றன. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த கோணத்தைப் பத்தால் வகுத்து, கிட்டிய முழு எண்ணாக்கி எழுதுவார்கள். விமானி ஏறத்தாழ 250 பாகையை நோக்கி ஓடினால் அவருக்கு அது 25. எதிர்முனையிலிருந்து பார்ப்பவருக்கு 70 பாகை, ஆகவே 07. இரு முனைகளுக்கும் எப்போதும் 18 வேறுபாடு இருக்கும். நேர் வடக்கை 36 என்றே எழுதுவதால் 37 என்ற ஓடுபாதை எங்கும் கிடையாது. விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டும், ஏனெனில் எதிர்க்காற்று இருந்தால் குறைந்த தரைவேகமும் குறைந்த தூரமும் போதும். ஆகவே தென்மேற்குப் பருவத்தில் மேலைக்காற்றுக்கு 25, வடகிழக்குப் பருவத்தில் வாடைக்கும் (வடகாற்று) கொண்டலுக்கும் (கீழைக்காற்று) பெரும்பாலும் 07 என்று நமது பழைய காற்றுப் பெயர்களைக் கொண்டே நினைவில் வைக்கலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம்: அளவு காந்த வடக்கிலிருந்து, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. காந்த வடதுருவம் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், அசையாத தாரின் எண்ணும் ஒருநாள் மாறிவிடும். லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட்டில் 05/23 என்றிருந்தது 2009இல் 04/22 ஆனது. பெயிண்ட் அடிப்பதோடு வேலை முடியாது. வழிகாட்டிப் பலகைகள், விமானிகளின் வரைபடங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பெங்களூரில் உள்ளதைப் போல இணை ஓடுபாதைகள் இருந்தால் எண்ணோடு இடது, வலது என்பதைக் குறிக்கும் எழுத்தும் சேரும். அட்லாண்டாவில் ஐந்து இணை ஓடுபாதைகள் இருப்பதால், திசை ஒன்றாக இருந்தும் 8, 9, 10 என்று எண்களைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சென்னையில் குறுக்கே இன்னொரு ஓடுபாதையும் இருக்கிறதே, அது எதற்கு?

மறுமொழி 3:
அது 12/30. குறுக்குக்காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால், பல ஆண்டுக் காற்றுப் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் திசையைத் தீர்மானிக்கிறார்கள். குறுக்குக்காற்றின் காரணமாக நிலையம் முடங்காமல் குறைந்தது 95 விழுக்காடு நேரம் பயன்பட வேண்டும் என்பது பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. பெரிய விமானங்களுக்கு இந்தக் கணக்கில் மணிக்கு 37 கிலோமீட்டர் வரையிலான குறுக்குக்காற்றை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு திசை போதாத இடத்தில் இரண்டாவது திசை தேவைப்படும். ஆனால் நிலம் எப்போதும் ஒத்துழைப்பதில்லை. சென்னையில் 12/30 ஓடுபாதையை நீட்டுவதற்கு அடையாற்றின் மேல் பாலமே கட்ட வேண்டியிருந்தது.

அடுத்த முறை சன்னலோரம் அமர்ந்தால், எண்ணுக்கு முன்னால் நெடுக்காகப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு இருந்தால் ஓடுபாதையின் அகலம் 45 மீட்டர், எட்டு என்றால் 30 மீட்டர்.