மைக்ரோவேவ் அடுப்பில் பொறி பறந்தால்: பழுது பார்ப்பதா, ஒதுக்கிவிடுவதா?

தங்கச்சிமடத்துக்காரி:
எங்கள் மைக்ரோவேவ் அடுப்புக்கு ஆறு வயது. நேற்று இரவு மிச்சமிருந்த நண்டுக் குழம்பைச் சூடாக்கும்போது, உள்ளே வலப்பக்கச் சுவரில் படபடவென்று பொறி பறந்தது. கண்ணாடிக் கிண்ணம்தான் வைத்திருந்தேன், கரண்டி எதுவும் உள்ளே இல்லை. உடனே நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பழுது பார்ப்பவர் ஒருவர் அடுப்பைப் பார்க்காமலே, "அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார். இது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு 61 நாள் கரையில் நிற்கிறது. புதிது வாங்கக் கையில் காசில்லை. என்ன செய்யலாம்?

கீழக்கரையார்:
தங்கச்சி, அதைத் தொடாதீர்கள். எங்கள் வீட்டிலும் பொறியில்தான் தொடங்கியது. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டோம். மூன்றாம் நாள் உட்சுவர் கருகி, வீடு முழுக்கப் புகை. நம் கரையில் இரும்பு நிலைக்காது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காக்க எத்தனை தலைமுறை பெயின்ட் அடித்தது! கடைசியில் பக்கத்தில் புதுப் பாலமே கட்ட வேண்டியதாயிற்று, 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலும் நின்றது. பாலத்தின் கதை அதுவென்றால், மெல்லிய தகரப் பெட்டி எம்மாத்திரம்? ஒதுக்கிவிடுங்கள்.

தொண்டி ஆசிரியர்:
பாலத்தையும் அடுப்பையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் ஐயா. நான் இயற்பியல் கற்பிப்பவன். சகோதரியிடம் ஒன்று கேட்கிறேன்: குழம்பு சூடானதா? சூடாகியிருந்தால் மேக்னட்ரான் வேலை செய்கிறது என்றுதான் பொருள். அது செத்துப்போனால் விளக்கு எரியும், தட்டு சுற்றும், சோறு மட்டும் சில்லென்றே இருக்கும்.

வலப்பக்கச் சுவரில் பழுப்பு அட்டை போல ஒன்று இருக்கும். அது மைக்கா ஷீட், நாம் காக்காப்பொன் என்று சொல்லும் அதே அப்பிரகம். மேக்னட்ரானிலிருந்து அலை வரும் வழியை அது மூடியிருக்கிறது. அலை அதை ஊடுருவிப் போகும், ஆவியும் எண்ணெயும் போகாது. ஆறு வருடக் குழம்பு அதன்மேல் தெறித்துக் காய்ந்து கருகினால் கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அலையின் ஆற்றல் அந்தப் புள்ளியில் குவிந்து பொறியாக வெடிக்கிறது. பொறி மேலும் கருக்கும், கருகல் மேலும் பொறி தரும். அதனால்தான் உடனே நிறுத்தியது சரி. மைக்காவை மாற்றினால் போதும்.

ராமநாதபுரம் மெக்கானிக்:
சார் சொன்னதில் "போதும்" என்ற சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன். பதினைந்து வருடமாக இந்தக் கடற்கரை வீடுகளுக்குப் போய்வருகிறேன். மதுரையில் மைக்காவை மாற்றினால் வேலை முடியலாம். பாம்பனிலும் மண்டபத்திலும் அப்படி விட்டால் மறுபடி கூப்பிடுவார்கள். உப்புக்காற்று முதலில் பிடிப்பது பெயின்ட் உரிந்த இடத்தைத்தான்: தட்டு சுற்றும் வளையத்தின் கீழே, மைக்காவைப் பிடிக்கும் துளையின் ஓரத்தில், கதவு வந்து மோதும் விளிம்பில். அங்கே துருவேறிச் சொரசொரப்பானால் அதுவும் பொறி விடும். மைக்காவைக் கழற்றி அதன் பின்னால் பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கீழக்கரையார்:
ஒரு பெண்ணிடம் கழற்றச் சொல்கிறீர்களே, உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும் என்று ஏன் ஒருவரும் எழுதவில்லை?

ராமநாதபுரம் மெக்கானிக்:
காக்கா (அண்ணா), அந்தக் கோபம் நியாயம். நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். வெளி உறையின் திருகாணிகளைத் தொடவே கூடாது. அங்கே டிரான்ஸ்பார்மரிலிருந்து 2000 வோல்ட் வரை வரும், கெபாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எங்கள் தொழில்காரர்களே அதில் உயிர் விட்டிருக்கிறார்கள். மைக்கா இருப்பது உணவு வைக்கும் அறைக்குள். கதவைத் திறந்தாலே எட்டும். பிளக் வெளியே இருக்க, ஒரு கிளிப்பையோ சின்னத் திருகையோ நீக்கினால் கையோடு வரும்.

தங்கச்சிமடத்துக்காரி:
குழம்பு சூடாகத்தான் இருந்தது. இன்று மைக்காவை எடுத்துப் பார்த்தேன். நடுவில் மிளகளவு ஓட்டை, சுற்றிலும் கறுப்பு. பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு. தட்டை எடுத்தால் அடியில் நகக்கண் அளவு துரு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நெத்திலிக் கருவாட்டை இதில்தான் வைத்து மொறுமொறுப்பாக்குவேன். அதனாலா?

தொண்டி ஆசிரியர்:
அதுவும் சேர்ந்திருக்கும். அலையை உறிஞ்சுவதில் தண்ணீர்தான் முதலிடம். உலர்ந்த கருவாடு கொஞ்சம் உள்ளே இருந்தால் அது சீக்கிரம் கருகும், மிச்ச ஆற்றல் மேக்னட்ரானுக்கே திரும்பும். கருவாட்டை இரும்புச் சட்டியில் வறுத்துக்கொள்ளுங்கள். துருவைப் பற்றி மெக்கானிக் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

கீழக்கரையார்:
துரு இருப்பது தெரிந்துவிட்டது. இனியும் ஏன் விவாதம்? அலை வெளியே கசிந்தால் பிள்ளைகளுக்கு ஆகாது.

ராமநாதபுரம் மெக்கானிக்:
துரு தகரத்தைத் துளைத்திருந்தால், கதவு நெளிந்திருந்தால், கதவின் வலை கிழிந்திருந்தால், நானே ஒதுக்கச் சொல்வேன். அதில் சமரசம் இல்லை. மேலோட்டமான துரு என்றால் உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்துத் துடையுங்கள். மைக்ரோவேவ் உட்புறத்துக்கென்றே விற்கும் பெயின்டைப் பூசி முழுதாகக் காயவிடுங்கள். ஜன்னல் கம்பிக்கு அடித்த மிச்சப் பெயின்டை எடுத்துவிடாதீர்கள். பழைய மைக்காவை மேலே வைத்துக் கோடு போட்டு, புது ஷீட்டைக் கத்தரியால் வெட்டலாம். மைக்காவைப் பொருத்துமுன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மேக்னட்ரானின் முனையில் சின்ன உலோகத் தொப்பி தெரிந்தால், அது உருகியிருக்கிறதா என்று கவனியுங்கள். உருகியிருந்தால் அங்கேயே விட்டுவிட்டு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். தொப்பி நன்றாக இருந்தது. தேய்த்ததில் துரு போயிற்று, ஓட்டை இல்லை. பெயின்ட் இரண்டு நாள் காய்ந்தது. புது மைக்கா வைத்து, ஒரு குவளைத் தண்ணீரை ஒரு நிமிடம் ஓட்டினேன். பொறி இல்லை, தண்ணீர் சுட்டது.

கீழக்கரையார்:
என் மனம் இன்னும் ஒப்பவில்லை, ஆனாலும் மகிழ்ச்சி. அந்த பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா தங்கச்சி? நம் பக்கம் பழைய வீடுகளில் எர்த் கம்பியும் மண்ணுக்குள் அரித்துப்போயிருக்கும்.

தங்கச்சிமடத்துக்காரி:
பார்த்ததில்லை காக்கா. நாளை எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பிளக்கைக் கழற்றியே வைக்கிறேன்.