மாமாவுக்கு டி 12 எலும்புதான் ஒடிஞ்சுது, தொடை அசையுது, பாதம் மட்டும் அசையலியே ஏன்?

கல்குளத்தான்:
எனக்க தாய்மாமா ரெண்டு மாசம் முந்தி தென்னையில இருந்து விழுந்துட்டாரு. டி 12 எலும்பு, அதாவது நெஞ்சுப் பக்க முதுகெலும்புல கடைசி பன்னெண்டாவது, நொறுங்கி ஆபரேஷன் பண்ணி கம்பி வச்சிருக்கு. இப்போ முட்டு நல்லா மடக்கி நீட்டுதாரு, ஆனா கணுக்காலுக்கு கீழ ரெண்டு பக்கமும் ஒண்ணும் அசையல, கெண்டைக்கால் சதை வேற சூம்பிட்டே போகுது, மூத்திரத்துக்கு டியூப் போட்டிருக்கு. நான் பன்னெண்டாம் கிளாஸ்ல பயாலஜி படிச்சவன், டி 12ன்னா வயித்து மட்டம்தானே, அப்போ அதுக்கு கீழ தொடையும் சேத்துல்லா போயிருக்கணும்? தொடை எப்படி தப்பிச்சுது? டாக்டர்ட்ட கேக்கலாம்னா ரவுண்ட்ஸ்ல ரெண்டு நிமிஷம்தான் நிக்காரு.

விளவங்கோடு_மச்சான்:
மக்கா எங்க ஊர்ல ஒரு வர்ம ஆசான் உண்டு, ஒரு தடவ காட்டிப் பாருங்க. கால் மரத்துப் போனவங்க எல்லாம் நடந்து போயிருக்காங்க.

பிசியோ_நாகர்கோவில்:
மச்சான், கம்பி வச்ச முதுக ஆரும் இப்போ திருகிரப்பிடாது, அத முதல்ல சொல்லிடுதேன். தம்பி, உங்க கேள்வி நல்ல கேள்வி. எலும்புக்க நம்பரும் தண்டுவடத்துக்க நம்பரும் ஒண்ணுல்ல, அங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவோம், நானும் முதல் வருஷத்துல பண்ணியிருக்கேன். வயித்துல கரு மூணு மாசம் இருக்கும்போது தண்டுவடம் முதுகெலும்புக் குழாய் முழுக்க நிக்கும், அப்புறம் எலும்பு வேகமா வளரும், தண்டு பின்தங்கிடும், பெரிய ஆளுக்கு எல் 1, எல் 2 எலும்பு, அதாவது டி 12க்கு அடுத்து கீழ வர்ற இடுப்பு வரிசையில முதல் ரெண்டு, அதுக்குப் பக்கத்துலயே தண்டு முடிஞ்சு போகும். அதனால காலுக்கான பகுதி மொத்தமும் கீழ இடுப்புல இல்ல, மேல டி 11ல இருந்து எல் 1 எலும்புக்குள்ள நெருக்கி அடிச்சு கெடக்கும். டி 12 எலும்புக்குப் பின்னால கிட்டத்தட்ட தண்டுவடத்துக்க எல் 4, எல் 5, எஸ் 1 பகுதிதான் இருக்கும் (எஸ்னா எல் வரிசைக்கும் அடுத்து கீழ உள்ளது), வயித்துக்கான பகுதி அதுக்கும் மேல.

கல்குளத்தான்:
அப்போ தொடைக்குள்ளது எங்க?

பிசியோ_நாகர்கோவில்:
முன்தொடைச் சதைக்கு தண்டுவடத்துல எல் 2ல இருந்து எல் 4 வரைக்கும் உள்ள நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், அது பெரும்பாலும் அடிபட்ட இடத்துக்கு மேல நிக்குது. கெண்டைக்காலுக்கு எஸ் 1, எஸ் 2, அது அடிக்கு நேர் உள்ளயும் கொஞ்சம் கீழயும். தொடைக்குப் போற நரம்பு வேர் ஒடிஞ்ச எலும்பத் தாண்டித்தான் கீழ இறங்கும், ஆனா தண்டுவடத்த விட வேர் அடிய நல்லா தாங்கும். மாமாவுக்கு அப்படித்தான் ஆயிருக்கும்னு தோணுது, ஸ்கேன் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும்.

ஆட்டுக்கறி வாங்கும்போது முதுகுத் துண்டுக்கு நடுவுல வெள்ளக் கயிறு மாதிரி ஒண்ணு இருக்கும்லா, அதுதான் தண்டுவடம். குறுக்க வெட்டுனா நடுவுல வண்ணத்துப்பூச்சி மாதிரி சாம்பல் நிறம், அதுக்க முன் இறக்கையிலதான் சதைய அசைக்கிற மோட்டார் நியூரான் எல்லாம் இருக்கு. 1952ல ரெக்ஸட்னு ஒருத்தர் பூனையில இத அடுக்கடுக்கா பிரிச்சாரு, அதுல ஒன்பதாவது அடுக்கு. இதுல ரசம் என்னன்னா, கண்டபடி சிதறி கெடக்காது. ஒரு சதைக்கு ஒரு கூட்டம், ரெண்டு மூணு பகுதி உயரத்துக்கு நீளமா கம்பி மாதிரி நிக்கும். முதுகுத்தண்டு பக்கத்து சதைக்கான கூட்டம் உள்பக்கமா மேலேருந்து கீழ வரைக்கும் போகும், கை கால் சதைக்கானது வெளிப்பக்கமா, கைக்கும் காலுக்குமா தண்டு தடிச்சிருக்கிற ரெண்டு இடத்துல மட்டும். அதுலயும் இடுப்பு, தொடைக்குள்ளது உள்ள, பாதத்துக்குள்ளது ஓரத்துல. மனுசனுக்கும் எலிக்கும் பூனைக்கும் இந்த ஒழுங்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

மூத்திரத்த அடைச்சுப் புடிக்கிற சதைக்கான கூட்டம் எஸ் 2 பக்கத்துல, கெண்டைக்காலுக்கு அடுத்த வீடு. அதான் ரெண்டும் சேந்து போச்சு.

தேங்காப்பட்டணம்_காரன்:
குறுக்க வாரேன். சூம்புறது ஏன்? எங்க பெரியப்பாவுக்கு சின்ன வயசுல போலியோ வந்து ஒரு கால் இப்படித்தான் மெலிஞ்சுது, ஆனா கிள்ளுனா அவருக்கு நல்லா தெரியும்.

பிசியோ_நாகர்கோவில்:
அண்ணே, அதே நியூரான்தான். போலியோ வைரஸ் முன் இறக்கையில உள்ள இந்த செல்லத்தான் கொல்லும், உணர்ச்சிக்கான பாதைய விட்டுடும். நியூரான் செத்தா அது புடிச்சு வச்சிருந்த சதை நாருக்கு ஆளில்ல, வாடிரும். ஒரு நியூரான் கண் சதையில பத்துப் பன்னெண்டு நாரத்தான் ஆட்டும், கெண்டைக்கால்ல ஆயிரத்துக்கும் மேல, அப்போ ஒண்ணு போனா எவ்வளவு போகும்னு பாத்துக்கிடுங்க. ஆனா அதே சதைக்கான தப்பிச்ச நியூரான் இருந்தா பக்கத்து அனாதை நாருக்கும் கிளை விட்டு புடிச்சுக்கும். மாசக்கணக்குல ஆகும்.

கல்குளத்தான்:
நேத்து பெருவிரல் லேசா அசைஞ்ச மாதிரி இருந்து. அத்தை கண்டாங்க, நானும் கண்டேன், ஆனா எனக்க ஆசையில தோணிச்சோ என்னமோ.

பிசியோ_நாகர்கோவில்:
மேல தூக்குனாரா, கீழ அழுத்துனாரா? மேலன்னா எல் 5, கீழன்னா எஸ் 1, எஸ் 2. வீடியோ எடுத்து டாக்டர்ட்ட காட்டுங்க, ரெண்டு நிமிஷம்னாலும் அவரு நின்னு பாப்பாரு.

கல்குளத்தான்:
இப்போ கேட்டு பண்ணச் சொன்னேன். மேலதான். வலது கால்ல மட்டும்.