2012 ஏப்ரலில் ஓடியது வீணா?

வல்லைவெளி:
2012 ஏப்ரல் 11. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் இலங்கை நேரம் பிற்பகல் 2.08க்கு 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம், இரண்டு மணித்தியாலம் கழித்து 8.2இல் இன்னொன்று. சுனாமி எச்சரிக்கை வந்ததும் இங்கே இலங்கையில் கரையோரச் சனம் அடையாள அட்டை, நகை, பிள்ளை என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அலை வரவில்லை. இப்படி இரண்டு தரம் ஏமாற்றினால் மூன்றாம் தரம் யாரும் அசைய மாட்டார்கள்.

மணற்காட்டான்:
யார் ஏமாற்றியது? 2004இல் சுனாமி அலை இலங்கைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் எங்களுக்கு ஒரு சொல் சொல்ல ஆளில்லை. நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டார்கள். சும்மா ஓடியதில் உங்களுக்கு என்ன நட்டம்? ஒரு பின்னேரம்.

கொட்டடி:
2004இல் பூமியின் மேலோட்டில் ஒரு தட்டு மற்றதன் கீழே நழுவி, கடலடியே மேலே எழும்பியது. 2012இல் பாறைகள் பக்கவாட்டில் உரசின, தண்ணீரைப் பெரிதாகத் தூக்கவில்லை. சுமாத்திராக் கரையிலேயே ஒரு மீற்றர் அளவுதான் அலை.

வல்லைவெளி:
சரி, அதை உடனே சொல்லியிருக்கலாமே?

கொட்டடி:
இடமும் அளவும் சில நிமிடத்தில் தெரியும். எப்படி அசைந்தது என்று கணிக்க இன்னும் நேரம் வேண்டும். அலை உண்டா என்பதைக் கடலில் உள்ள மிதவைகளும் கரையோர நீர்மட்டமானிகளும்தான் உறுதிப்படுத்தும். அதற்குள் 4.13க்கு இரண்டாவது வந்துவிட்டது. திரும்ப முதலில் இருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

பனங்காய்:
ஓடு என்கிறீர்கள், எங்கே ஓடுவது? யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. ஏற ஒரு குன்று கிடையாது. மீன்பிடித் தொழிலுக்குப் போனவர்கள் ஆழத்திலேயே நின்றால் அலை படகுக்கு அடியால் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அது கிழக்குக் கரையில் மருதங்கேணிக்கு வெளியே சரி. பாக்கு நீரிணையில் அவ்வளவு ஆழம் எங்கே?

வல்லைவெளி:
இதைத்தான் நானும் கேட்கிறேன். எச்சரிக்கை மட்டும் போதாது, போக வழியும் வேண்டும்.

மணற்காட்டான்:
அப்படிக் கேளுங்கள் அண்ணை, நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஓடியது வீணா என்று தலைப்புப் போட்டதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.