காசு கட்டின படம் கருப்பாகுது, பென் டிரைவ் படம் ஓடுது: எங்கே கோளாறு?

கீழக்கரை_நடுத்தெரு:
சலாம், வணக்கம். ஓடிடிக்கு 4கே பிளான்தான் கட்டியிருக்கு. ஹால்ல இருக்கிற புரொஜெக்டர் உள்ளேயே ஆண்ட்ராய்டு வச்சது. அதுல படம் 480பிக்கு மேல ஏற மாட்டேங்குது. மாடியில பழைய ஃபுல் எச்டி டிவி. ஓடிடி ஸ்டிக்கை 5.1 சவுண்ட் ரிசீவர் வழியா மாட்டினா யூடியூப் நல்லா ஓடுது, படம் போட்டா ரெண்டு வினாடி வந்துட்டு திரை கருப்பாயிடுது. துபாயிலிருந்து வந்த ப்ளூரேயை பிளேயர் ஏத்துக்கவே இல்ல. பாம்பன் மச்சான் போன்ல இறக்கி வச்ச படம் நடுக்கடல்ல "லைசென்ஸ் முடிந்தது"ன்னு நிக்குது.

இதே படத்தைத் திருட்டு காப்பியா பென் டிரைவ்ல வாங்கினா எல்லா மிஷின்லயும் ஓடும்னு கடைத்தெருவுல சொல்றாங்க. அது வேண்டாம், பிள்ளைங்களுக்கும் அதைப் பழக்கக் கூடாது. நேர்மையா எதை எப்படிச் சரி பண்றது?

ராம்நாடு_சர்வீஸ்:
காக்கா, நாலும் நாலு வேற பூட்டு, அதாவது காப்பி எடுக்காம தடுக்கிற டிஆர்எம். ஒண்ணா சேர்த்துப் பார்த்தா குழப்பம்தான் மிஞ்சும்.

முதல்ல புரொஜெக்டர். பிளே ஸ்டோர்ல "டிஆர்எம் இன்ஃபோ"ன்னு ஒரு ஆப் இருக்கு, அதைத் திறந்து வைட்வைன்ங்கிற ஆண்ட்ராய்டு பூட்டோட பகுதியில செக்யூரிட்டி லெவல் என்னன்னு பாருங்க. எல்1 இருந்தா பெரும்பாலும் எச்டி வரும். எல்3 இருந்தா நீங்க எந்த பிளான் கட்டினாலும் பெரும்பாலான ஓடிடி எஸ்டி தரத்தைத்தான் (480பி) அனுப்பும். எல்1ல படத்தைத் திறக்கிற சாவி பிராசஸருக்குள்ள தனி அறையில இருக்கும், எல்3ல வெறும் சாஃப்ட்வேர்ல. விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு புரொஜெக்டர் நிறைய எல்3தான். பெட்டி மேல "4கே சப்போர்ட்"னு அச்சடிச்சிருப்பாங்க, இதைப் பத்தி ஒரு வரி இருக்காது. வாங்குறவங்களை இது ஏமாத்துற வேலைதான். வழி ஒண்ணுதான்: உள்ளே இருக்கிற ஆண்ட்ராய்டை மறந்துட்டு, முறையா சான்று வாங்கின ஸ்டிக் ஒண்ணை அதோட எச்டிஎம்ஐ போர்ட்ல மாட்டுங்க. ஸ்டிக்குக்கு கரண்ட்டை அதோட அடாப்டர்லேருந்தே குடுங்க; புரொஜெக்டர் யூஎஸ்பி போதாம அணைஞ்சு அணைஞ்சு எரியும்.

மாடி டிவி விஷயத்துல நம்ம ஊர் காத்துக்கும் பங்கு உண்டு. எச்டிஎம்ஐல 19 பின். பூட்டுள்ள படம் ஓடும்போது ஸ்டிக்கும் டிவியும் எச்டிசிபின்னு ஒரு பேச்சுவார்த்தை நடத்திக்கிட்டே இருக்கும். அது போற வழி 15, 16ஆம் பின். பழைய எச்டிசிபி 1.4 வகையில ஏறக்குறைய ரெண்டு வினாடிக்கு ஒரு தடவை "நீ இன்னும் அதே ஆள்தானா"ன்னு கேட்டுக்கும். பதில் தப்பினா திரை கருப்பு. உங்க ரெண்டு வினாடிக் கணக்கு இதோட பொருந்துது. யூடியூப்ல பெரும்பாலான வீடியோவுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, அதனால அது ஓடுது.

பிளக்கைக் கழட்டி டார்ச் அடிச்சு வாயைப் பாருங்க. தகட்டு ஓரத்துல பச்சையா, வெள்ளையா பூத்திருந்தா உப்புக்காத்து வேலை. சுவர் ஸ்விட்ச் வரைக்கும் எல்லாத்தையும் அணைச்சுட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய நைலான் பிரஷ்ல தொட்டு போர்ட்டைத் துடைங்க, பத்து நிமிஷம் காயவிட்டு மாட்டுங்க. உப்புத்தாள் போடாதீங்க, தங்கப் பூச்சு போயிட்டா அடுத்த மழைக்காலத்துக்குள்ள மறுபடி பூக்கும். கேபிள் பச்சையா இருந்தா துடைக்காம மாத்திடுங்க. சும்மா கிடக்கிற போர்ட்டுக்கு ரப்பர் மூடி போடுங்க.

துடைச்சும் வரலைன்னா ரிசீவரை நடுவுலேருந்து எடுத்துட்டு ஸ்டிக்கை நேரா டிவியில குத்திப் பாருங்க. சங்கிலியில ஒரு கண்ணி பலவீனமா இருந்தாலும் மொத்தமும் படுத்துடும். 4கேவுக்கு ஸ்டிக், ரிசீவர், டிவி எல்லாமே எச்டிசிபி 2.2 பேசணும். உங்க டிவி ஃபுல் எச்டி, அதனால ஸ்டிக் செட்டிங்ஸ்ல "ஆட்டோ"வை எடுத்துட்டு 1080பி 60ன்னு கையால வைங்க.

டிஸ்க்: இதுல ரீஜியன் பூட்டு, அதாவது எந்த ஊர் பிளேயர்ல ஓடணும்னு ஒரு குறி. ப்ளூரேக்கு துபாய் பி, இந்தியா சி, சிங்கப்பூர் ஏ. டிவிடியா இருந்தா துபாய் 2, சிங்கப்பூர் 3, நமக்கு 5. கம்ப்யூட்டர் டிவிடி டிரைவ்ல இந்த எண்ணை ஐந்தே தடவைதான் மாத்தலாம், ஐந்தாவதுல எது இருக்கோ அதுதான் கடைசி வரைக்கும். அதனால சோதிச்சுப் பார்க்கிறேன்னு மாத்தாதீங்க. அங்கேருந்து வாங்குறவங்ககிட்ட அட்டையில "ஆல் ரீஜியன்" பார்த்து வாங்கச் சொல்லுங்க. தமிழ் டிஸ்க்ல அது அடிக்கடி கிடைக்கும். 4கே ப்ளூரேக்கு ரீஜியன் பூட்டே இல்ல, ஆனா அதுக்கான பிளேயர் வேணும். கம்ப்யூட்டர்ல போடலாம்னு நினைக்காதீங்க: அதுக்குத் தேவையான, சாவியைப் பாதுகாக்கிற எஸ்ஜிஎக்ஸ் வசதியை இன்டெல் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்லேருந்து எடுத்துட்டாங்க. புது கம்ப்யூட்டர், விலை குடுத்த டிஸ்க், ரெண்டும் கையில இருந்தும் ஓடாது. திருட்டு காப்பிக்கு இதுல ஒரு தடையும் கிடையாது, பூட்டைக் கழட்டினவன் கழட்டிட்டுப் போயிட்டான்.

தெற்குவாடி_பாம்பன்:
மச்சானுக்குச் சொல்லுங்க: போன்ல வீடியோ வேற, லைசென்ஸ் வேற. வீடியோ இருந்தும் லைசென்ஸ் முடிஞ்சா பயன் இல்ல. பல ஆப்ல இறக்கினதிலேருந்து 30 நாள், ஆனா ஒரு தடவை பிளே அமுக்கிட்டா 48 மணி நேரம். கரையில "ஓடுதா"ன்னு அமுக்கிப் பார்க்கிறதுதான் தப்பு, கடிகாரம் அப்பவே ஓட ஆரம்பிச்சுடும். ஒரு ராத்திரி தங்கலுக்குப் பாதகமில்ல, ஆழ்கடலுக்குப் போற நாலைந்து நாள் தங்கலுக்கு அது காலி.

போட்டு ஏறுற அன்னைக்கு நெட் இருக்கிற இடத்துல ஆப்பைத் திறந்து ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை நாள் பாக்கின்னு பாருங்க, குறைவா இருந்தா புதுப்பிக்கணும். அதுக்கப்புறம் ஆப்பை அப்டேட் பண்ணாதீங்க, தேதியைக் கையால மாத்தாதீங்க. தேதி பின்னால போனா சில ஆப் மொத்த லைசென்ஸையும் ரத்து பண்ணிடும். கடல்ல இலங்கை டவர் புடிக்கும், ரோமிங் டேட்டாவை அணைச்சு வைங்க. அங்கேயும் நம்ம நேரம்தான், அதனால கடிகாரம் குழம்பாது, பில்தான் ஏறும்.

கேபின்_ஆபரேட்டர்:
பூட்டு தியேட்டரையும் விடாது. படம் ஹார்ட் டிஸ்க்ல வந்துடும், திறக்கிற சாவி கேடிஎம்னு தனியா வரும். அது அந்த ஒரு சர்வருக்கு, இந்தத் தேதி இத்தனை மணியிலேருந்து இத்தனை மணி வரைக்கும்னு எழுதினது. சர்வர் போர்டை மாத்தினா பழைய சாவி செல்லாது. "கீ வரல"ன்னு காலைக்காட்சி தள்ளிப்போறது இதனாலதான். டிக்கெட் எடுத்தவங்க வாசல்ல நிக்கிறாங்க.

ஆனா இன்னொண்ணும் இருக்கு. படத்துலயும் சத்தத்துலயும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு போகும், 35 பிட். அதுல 19 பிட் எந்த இடம், 16 பிட் எந்த நேரம், 15 நிமிஷக் கணக்குல. எவனாவது கேமராவுல எடுத்து வெளியிட்டா எந்த அரங்கு, எந்தக் காட்சின்னு அதுலேருந்து பிடிச்சுடலாம். பார்க்க வந்தவங்க யாரையும் இது தொடுறதில்ல, எடுத்தவனைத்தான் தேடிப் போகுது. பாதுகாப்புன்னா இப்படி இருக்கணும். வீட்டுக்கு வர்ற பூட்டு நேர் எதிர்: எடுத்தவனை விட்டுட்டு, வாங்கினவன் கையைக் கட்டுது.

மண்டபம்_வக்கீல்:
சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூட்டை உடைப்பது பற்றிய 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நோக்கம் என்ற அந்தச் சொல் முக்கியம். நம் சட்டம் நேர்மையானவருக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அதற்காக அதை நம்பி இறங்க வேண்டாம், மேலே சொன்ன வழிகளே போதும்.

தியேட்டரில் பதிவு செய்வது வேறு கதை. 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டப்படி குறைந்தது 3 மாதம், அதிகம் 3 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம், தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்கள் 2004 முதல் குண்டர் சட்டத்துக்குள்ளும் வருகிறார்கள்.

இன்னொன்று: ஆப்பில் "வாங்கு" என்று அமுக்கினாலும் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டும்தான். அமெரிக்காவில் பெரிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து நடத்திய, வாங்கிய படங்களை இணையக் கணக்கில் வைத்துத் தந்த அல்ட்ராவயலட் சேவை 2019 ஜூலை 31இல் மூடப்பட்டது. வேறு கடையோடு கணக்கை இணைத்து வைத்தவர்களுக்குப் பெரும்பாலான படங்கள் அங்கே தங்கின. இணைக்காதவர்கள் இழக்க வேண்டியிருந்தது.

கீழக்கரை_நடுத்தெரு:
எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு, ரிசீவர் பின்பக்கம் பச்சைதான். ரிசீவரை ஒதுக்கிட்டா 5.1 சத்தம் போயிடுமா? சுவருக்குள்ள 15 மீட்டர் எச்டிஎம்ஐ வேற ஓடுது.

ராம்நாடு_சர்வீஸ்:
போகாது காக்கா. ஸ்டிக்கை டிவியிலயே குத்துங்க, அப்ப படத்துக்கு அந்த 15 மீட்டர் தேவையே இல்ல. டிவியிலேருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள் போடுங்க, டிவி சவுண்ட் செட்டிங்ல "பிசிஎம்"மை மாத்தி "பிட்ஸ்ட்ரீம்" வைங்க. பிசிஎம்ல விட்டா ஆப்டிகல்ல ரெண்டு சேனல்தான் போகும். டால்பி டிஜிட்டல் 5.1 அதுல முழுசா வரும். சில பழைய டிவி எச்டிஎம்ஐ வழியா வர்ற சத்தத்தை ரெண்டு சேனலா சுருக்கித்தான் ஆப்டிகலுக்கு விடும். அப்படின்னா டிவி மாடல் நம்பரை இங்க போடுங்க. ஆப்டிகல்ல போறது வெளிச்சம், அதனால உப்பு பூத்து அறுந்து போற பின் அதுல கிடையாது. வளைக்கிறப்ப மட்டும் கூர்மையா மடிக்காதீங்க.