டச்சு தையல் இதழில் ‘பாட்ரோன்’ என்ற சொல் தோட்டா, முதலாளி என்று மாறி வருகிறது. உதவி தேவை

நூல்கண்டு:
வணக்கம். நெதர்லாந்துக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. மகளுக்குப் பாவாடை தைக்க டச்சு தையல் இதழ் ஒன்று வாங்கினேன். டச்சு அரைகுறை என்பதால் கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் படிக்கிறேன். ஒரு வரியில் “தோட்டாக்களைத் தாளிலிருந்து படியெடுக்கவும்” என்கிறது. நாலு வரி தள்ளி “முதலாளியைத் துணியின் மடிப்பில் வைக்கவும்” என்கிறது. மூலத்தில் இரண்டு இடத்திலும் பாட்ரோன் என்ற சொல்தான் இருக்கிறது (முதல் வரியில் பன்மையாக, பாட்ரோனன்). துணிக்கடையிலிருந்து வந்த சாம்பிள் துண்டின் உறையில் ‘ஸ்டொஃப்மொன்ஸ்டர்’ என்று போட்டிருந்தது. அது ‘துணி அரக்கன்’ ஆகிவிட்டது.

ஸ்பானிஷ் தையல் வீடியோ ஒன்றிலும் இதே கதை: ‘பத்ரோன்’ என்றால் எஜமான் என்று வருகிறது. ஆனால் ஜெர்மன் இதழில் ‘ஷ்னிட்முஸ்டர்’ மட்டும் ஒழுங்காக வெட்டு மாதிரி என்று வருகிறது. செயலி கெட்டுப்போயிருக்கிறதா, இல்லை உண்மையிலேயே ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா? எது எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேர்தேடி:
செயலி சொன்ன பொருள் எல்லாமே அகராதியில் இருப்பவைதான் சகோதரி. இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரியாததுதான் அதன் கோளாறு.

முதலில் உடனடி வழி. டச்சில் ‘ஹெட் பாட்ரோன்’ என்றால் மாதிரி, டிசைன். ‘டெ பாட்ரோன்’ என்றால் தோட்டா, அல்லது புரவலர், முதலாளி. ஆங்கில ‘தி’ மாதிரி முன்னால் நிற்கும் ஹெட், டெ இரண்டையும் கவனித்தால் போதும். ஒரே சிக்கல், பன்மைக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ‘டெ’தான். உங்கள் ‘தோட்டாக்கள்’ அப்படித்தான் வந்திருக்கும். அதனால் செயலியில் போடும் முன் பாட்ரோன் என்ற இடத்தில் எல்லாம் ‘க்னிப்பாட்ரோன்’ என்று மாற்றிவிடுங்கள். ‘க்னிப்’ என்பது வெட்டுவது. இப்படி ஒட்டிப் போட்டால் தோட்டாவுக்கு இடமே இல்லை. ஸ்பானிஷில் மாதிரிக்கும் எஜமானுக்கும் முன்னால் ஒரே ‘எல்’தான், அந்த அடையாளம் அங்கே உதவாது. ‘பத்ரோன் டெ கொஸ்தூரா’, அதாவது தையல் பத்ரோன் என்று முழுதாகப் போடுங்கள்.

இனி ஏன் இப்படி என்பது. லத்தீனில் ‘பாதெர்’ என்றால் அப்பா. அதிலிருந்து ‘பத்ரோனுஸ்’. ரோமில் தன்னை அண்டியவர்களுக்குப் பாதுகாவலராக இருந்த பெரிய மனிதர். அடிமையை விடுதலை செய்த எஜமானும் விடுதலையானவருக்குப் பத்ரோனுஸ்தான். இடைக்காலத்தில் இந்தச் சொல்லுக்கு, பார்த்து நடக்கவேண்டிய முன்மாதிரி என்ற பொருளும் ஏறியது. மனிதரைக் குறித்த சொல் அப்புறம் பொருளுக்கும் போனது: எதைப் பார்த்து இன்னொன்றைச் செய்கிறோமோ அதுவும் பத்ரோன். பிரெஞ்சில் இன்றும் கடை முதலாளியும் தையல் மாதிரித் தாளும் ஒரே ‘பத்ரோன்’. துணியில் அச்சடித்த பூவேலைக்கு மட்டும் ‘மொதீஃப்’ என்பார்கள்.

ஆங்கில பேட்டர்னும் இதே சொல்தான். 14ஆம் நூற்றாண்டில் அது பேட்ரன் என்ற ஒரே வடிவத்தில் இருந்தது. பிறகு ‘ர’ இடம் மாறி பேட்டர்ன் பிறந்தது. புரவலர் பேட்ரன், மாதிரி பேட்டர்ன் என்று தீர்மானமாகப் பிரிந்தது 1700 வாக்கில்தான். ஆங்கிலம் இரண்டு எழுத்துக்கூட்டல் வைத்துத் தப்பித்தது, டச்சு ஹெட், டெ வைத்து ஒப்பேற்றுகிறது. ஸ்பானிஷ்காரர்களுக்கு இடம் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் வழி. அங்கே ஊரின் காவல் புனிதர், பண்ணை எஜமான், சட்டை மாதிரி, நாணய மதிப்பைப் பொன்னோடு கட்டிவைக்கும் தரம், எல்லாம் பத்ரோன்.

தறிக்காரன்:
தோட்டா எப்படி உள்ளே வந்தது என்று அக்காவுக்கு இன்னும் விளங்கியிருக்காது, அதைச் சொல்கிறேன். பழைய துப்பாக்கிக்கு வெடிமருந்தை ஒவ்வொரு தடவையும் அளந்து கொட்டவேண்டும். அதைத் தவிர்க்க, ஓர் அச்சின் மேல் காகிதத்தைச் சுருட்டி உறை செய்து, ஒரு வெடிக்கான மருந்தை அதில் அடைத்து வைத்தார்கள். அச்சுக்குப் பெயர் பத்ரோன், பிறகு அந்த உறைக்கே பெயர் ஆகிவிட்டது. ஜெர்மனில் ‘பத்ரோன’ என்றால் தோட்டா. பேனாவில் போடும் மைக்குழாயும் அதே பெயர்தான். ரஷ்யனில் ‘பத்ரோன்’ தோட்டாவுக்கும், டிரில்லில் பிட்டைப் பிடிக்கும் சக்குக்கும், பல்ப் ஹோல்டருக்கும் பொது.

ஆனால் ஜெர்மன் நெசவாளர்களிடம் ‘பத்ரோன’ என்று சொன்னால் துப்பாக்கி நினைவுக்கே வராது. கட்டம் போட்ட தாளில் எந்தப் பாவு நூல் மேலே, எது கீழே என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைவோமே, அந்த வரைபடம்தான் அவர்களுக்குப் பத்ரோன. கட்டத் தாளுக்குப் பெயரே ‘பத்ரோனன்பப்பீர்’. பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறிக்கான அட்டையில் துளை போடுவது அதைப் பார்த்துத்தான். துணித் தொழிலுக்குள் பழைய பொருள் அழியாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நூல்கண்டு:
தறிக்காரன் தம்பி, மிக்க நன்றி. அரக்கன் பற்றி யாராவது சொல்லுங்கள். ஜெர்மன் ஏன் தப்பித்தது?

கடலோரம்:
ஜெர்மன் தப்பித்ததற்குக் காரணம், அவர்கள் மாதிரிக்கு வேறு குடும்பத்துச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். லத்தீனில் ‘மோன்ஸ்த்ராரே’ என்றால் காட்டுவது. இத்தாலியனில் ‘மோஸ்த்ரா’. அது ஜெர்மனுக்குப் போய் ‘முஸ்டர்’, ஸ்வீடிஷில் ‘மொன்ஸ்தெர்’. காட்டுவதற்காக எடுத்து வைத்த துண்டு, அவ்வளவுதான். படைவீரர்களை வரிசையாக நிறுத்திப் பார்வையிடுவதற்கு ஆங்கிலத்தில் ‘மஸ்டர்’ என்பதும் இதே காட்டுதல்தான். ஜெர்மன் அடையாள அட்டையின் மாதிரிப் படத்தில் எரிகா முஸ்டர்மன் என்று ஒரு பெண் பெயர் இருக்கும். நம் படிவங்களில் அஆஇ என்று போடுவதுபோல, மாதிரிக்கு வைத்த பெயர்.

டச்சு மொன்ஸ்டரும் இந்தக் குடும்பம், அர்த்தம் சாம்பிள். ரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதும் ‘புலூட்மொன்ஸ்டர்’தான், ஆஸ்பத்திரியில் பார்த்தால் பயப்படாதீர்கள். அரக்கன் என்ற மொன்ஸ்டர் லத்தீன் ‘மோன்ஸ்த்ரும்’ என்பதிலிருந்து வந்தது. தெய்வம் எச்சரிக்கையாகக் காட்டும் அபசகுனம் என்று அதற்குப் பொருள். மோன்ஸ்த்ராரேக்கும் அதற்கும் வேர் ஒன்றே. டச்சில் இரண்டுமே ‘ஹெட்’ போட்டு வருவதால் வேர்தேடி சொன்ன உபாயம் இங்கே பலிக்காது.

இந்த மோஸ்த்ரா போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் பக்கமும் வந்து இறங்கியது. சிங்களத்தில் டிசைனுக்கு ‘மோஸ்தரய’ என்பார்கள். ‘புது மோஸ்தர்’ என்று நாம் எழுதுவதும் அதிலிருந்துதான். ஆக, உங்கள் ஷ்னிட்முஸ்டருக்கு மோஸ்தர் பங்காளி.

வேர்தேடி:
கடலோரம், அருமை. போர்ச்சுக்கீசியம் என்றதும் ஒன்று சேர்க்கிறேன். அங்கே ‘பத்ராவ்ன்’ என்றால் தரம், மாதிரி, டிசைன். இது பத்ரோனுஸ் வழி. ஆனால் ஆப்பிரிக்கக் கரையில் மாலுமிகள் நட்ட கல்தூணுக்கும் பத்ராவ்ன் என்றே பெயர். நமீபியாவின் கேப் கிராஸில் 1486இல் தியோகோ காவ்ன் நட்டது அப்படி ஒன்று. இது கல்லைக் குறிக்கும் ‘பெத்ர’ என்ற சொல்லிலிருந்து வந்து ஒலி மாறியது என்று போர்ச்சுக்கீசிய அகராதிகள் தனிச் சொல்லாகவே வைக்கின்றன. ஒலி ஒன்றாக இருக்கிறதே என்று குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது.

நூல்கண்டு:
க்னிப்பாட்ரோன் என்று மாற்றிப் போட்டேன், முழுப் பக்கமும் சரியாக வந்துவிட்டது! எல்லாருக்கும் நன்றி. இப்போது வெட்டப் போகிறேன். ‘ஸொண்டர் நாட்தூஸ்லாக்’ என்று மாதிரித் தாளின் ஓரத்தில் இருக்கிறது. செயலி ‘கூடுதல் கட்டணம் இல்லை’ என்கிறது.

தறிக்காரன்:
அக்கா, வெட்டாதீர்கள், பொறுங்கள். ‘நாட்’ என்பது தையல் இணைப்பு, ‘தூஸ்லாக்’ என்பது கூடுதலாகச் சேர்ப்பது, ‘ஸொண்டர்’ என்றால் இல்லாமல். தையலுக்கு விடவேண்டிய துணி தாளில் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். கோட்டின் மேலேயே வெட்டினால் பாவாடை இறுகிவிடும். கோட்டைச் சுற்றி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிச் சாக்பீஸால் இன்னொரு கோடு போட்டு அதன் மேல் வெட்டுங்கள். கீழ் மடிப்புக்கு, தாளில் ‘ஸோம்’ என்று இருக்கும், மூன்று நாலு சென்டிமீட்டர் விடுங்கள். குழந்தை வளர வளர அவிழ்த்து இறக்கிக்கொள்ளலாம். மடிப்பில் வைக்கும் பக்கத்தில் மட்டும் எதுவும் விடவேண்டாம்.