பராமரிப்பு இல்லத்தில் அம்மா: “நன்றியோடு இரு” என்கிறார்கள், அவர் சுவரைப் பார்க்கிறார்

கேள்வி: திருப்பூர்க்காரன்

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 66. ஆறு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். மூன்று மாதங்களாகக் கோவையை அடுத்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நானும் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வீடு இரண்டாம் மாடியில், லிப்ட் கிடையாது. வேறு வழி தெரியவில்லை.

அம்மா முப்பது ஆண்டுகள் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்தவர். தினமும் 120 பிள்ளைகளுக்குச் சமைத்தவர். இப்போது யார் போனாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். வாயைத் திறந்தால் சாம்பாரைத்தான் குறை சொல்கிறார். “எத்தனை பேர் திண்ணையில் கிடக்கிறார்கள், உனக்குக் கட்டில் இருக்கிறது, நர்சு இருக்கிறார், நன்றியோடு இரு” என்று சித்தி போகும்போதெல்லாம் சொல்கிறார். தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொல்லி ஒரு குறிப்பேடும் வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்திருக்கிறார்.

இந்த நிலையில் இருப்பவர்கள் மறுபடியும் சந்தோஷமாக இருக்க முடியுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரவுப்பணி

நான் இப்படி ஓர் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகளாக நர்சாக இருக்கிறேன். முதலில், அம்மாவை மருத்துவரிடம் மனச்சோர்வுக்காகப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. மூளையில் பட்ட அடியும் அதற்கு ஒரு காரணம். அதை வெறும் மனத்தெம்பால் தாண்ட முடியாது, மருந்து உதவும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், உங்களுக்காகவும் பேசலாம்.

இன்னொன்று. அம்மா சமையலர் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியுமா? எங்களிடம் வரும் கோப்பில் சர்க்கரை அளவு இருக்கும், ரத்த அழுத்தம் இருக்கும், எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று இருக்கும். அவர் யார் என்பது இருக்காது.

பதில்: பழைய சார்ட்டர்

திருப்பூர்த் தம்பிக்கு. 641601. உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் முதலில் வருகிறது. காரணம் சொல்கிறேன். இடது கையால், ஒற்றை விரலால் தட்டுகிறேன், ஒரு காலைப்பொழுது ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 69 வயது. ரயில்வே அஞ்சல் சேவையான ஆர்.எம்.எஸ்ஸில் சார்ட்டராக இருந்து 2016இல் ஓய்வு பெற்றேன். ஓடும் ரயிலில் மெயில் வேனுக்குள் நின்றுகொண்டு கடிதம் பிரித்தவன். 2020இல் மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. மனைவி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டாள். மகள் புனேயில். துடியலூர்ப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஐந்தாவது ஆண்டு நடக்கிறது.

முதல் ஓர் ஆண்டு நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, சொல் வராது. என் மகள் பெயர் வராது. தண்ணீர் என்று வராது. ஆனால் கெட்ட வார்த்தை மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. இடது மூளை அடிபட்டவர்கள் சிலருக்கு அப்படித்தானாம்: யோசித்துச் சொல்லும் சொல் நின்றுபோகும், வசையும் பாட்டும் ஒன்று இரண்டு மூன்றும் தானாக வரும். துடைத்துவிட வந்த பெண் பிள்ளைகளை நான் வைததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஒரு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் “ஐயா, உங்கள் சொந்த ஊர் எது?” என்று கேட்டார். வாய் கோணிக்கொண்டு வந்தது, ஊர் வரவில்லை. ஆறு இலக்கம் வந்தது: 629001. அவர் தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு “நாகர்கோவிலா!” என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிறகு அவர் ஈரோடு என்றால் நான் 638001, ஊட்டி என்றால் 643001. அந்த வழியாகத்தான் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அஞ்சல் குறியீட்டை 1972 ஆகஸ்ட் 15இல் கொண்டுவந்தார்கள். கடிதத்துக்கு வழி காட்டத்தான் கொண்டுவந்தார்கள், எனக்கும் காட்டியது.

ஆனாலும் சந்தோஷம் அப்போது வரவில்லை. அது வந்தது ஒரு சட்டையால்.

இங்கே நாற்பது பேர் இருக்கிறோம். துணியெல்லாம் ஒன்றாக மிஷினில் போய் ஒன்றாக வரும். ஒரு சாயங்காலம் கூடத்தில் பஜனை. என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் வைத்தார்கள். எதிர் வரிசையில் ஒருவர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை, மற்றவை நீலம். அந்த வெள்ளைப் பொத்தானைத் தைத்தவள் என் மனைவி. நீலப் பொத்தான் கிடைக்காமல், “யார் பார்க்கப் போகிறார்கள்” என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம், மறதி நோய். தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு “அது என் சட்டை” என்ற மூன்று சொல் வரவில்லை. கையை நீட்டிக் கத்தினேன். பாட்டுக் கேட்டு உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சொல்லி அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அன்று இரவு தூக்கம் இல்லை. கடிதம் தப்பிப் போனால் சார்ட்டருக்கு வரும் கோபம் அது. ஒரு பை தவறான ஊருக்குப் போனால் மேலதிகாரி விளக்கம் கேட்பார். இங்கே நாற்பது பேருடைய துணி தினமும் தப்பிப் போகிறது, கேட்க ஆளில்லை! விடிந்ததும் அட்டையில் இடது கையால் கிறுக்கினேன். முதல் இலக்கம் மாடி, அடுத்த இரண்டு அறை, நான்காவது கட்டில், கடைசி இரண்டு துணியின் வரிசை. 107214 என்றால் முதல் மாடி, ஏழாம் அறை, இரண்டாம் கட்டில், பதினான்காவது துணி. நாற்பது பேருக்கு மூன்று இலக்கமே போதும் என்று மேலாளர் சொன்னார். போதும்தான். எனக்கு ஆறு வேண்டும்.

பழைய செருப்பு அலமாரி ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, துணி வெளுப்பவர் கழுவித் துடைத்துக் கொடுத்தார். காலரின் உள்பக்கம் அழியாத மையால் எண். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மடித்த துணியை இடது கையால் எடுத்து, எண்ணைப் பார்த்து, அலமாரியில் அதற்குரிய அறைக்குள் போடுவேன். முதல் நாள் ஒரு கூடைக்கு இரண்டு மணி நேரம். இப்போது இருபது நிமிடம். நன்றாகப் பழகிய சார்ட்டர் பெட்டியைப் பார்க்க மாட்டான், கை தானாகப் போகும். நான்காவது மாதம் என் இடது கை அப்படிப் போயிற்று. அன்றைக்குச் சாப்பாட்டில் என்ன போட்டார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது: வாழைக்காய்ப் பொரியல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், காபி. விழுங்குவது சரியில்லாததால், புரையேறி நெஞ்சுக்குள் போய்விடக் கூடாது என்று எட்டு மாதம் எனக்குக் கெட்டிப்படுத்தும் தூள் கலந்துதான் எல்லாம். காபியைக் கரண்டியால் கூழ் போலத் தின்றிருக்கிறீர்களா? நான் தின்றிருக்கிறேன். எட்டாம் மாதம் சோதித்துப் பார்த்து, நீராகவே குடிக்கலாம், தலையைக் குனிந்து சிறு மிடறாக என்றார்கள். டபராவில் ஊற்றிக் கொடுத்தார் சமையற்கார அம்மா. சூடு உதட்டில் பட்டது. பாதி வலது கடைவாய் வழியாக ஒழுகிப் பனியனில் போயிற்று. மீதிப் பாதிக்கு நான் என் பென்ஷனை எழுதி வைத்திருப்பேன்.

நவம்பரில் தபால்காரர் வருவார், உயிர்வாழ் சான்றிதழுக்கு. பெருவிரல் ரேகை சரியாகப் பதியாததால் முகத்தைப் படம் பிடிக்கிறார். “கண்ணைச் சிமிட்டுங்கள் சார்” என்பார். சிமிட்டுவேன். ஆண்டுக்கு ஒரு முறை நான் உயிரோடு இருப்பதை அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது. அவருக்கு என் அலமாரியைக் காட்டினேன். ஒரு வேட்டியை எடுத்து எண்ணைப் படித்து, சரியான அறையில் போட்டுவிட்டுப் போனார். இலாகாக்காரர் அல்லவா.

உங்கள் அம்மாவை நன்றி சொல்லச் சொல்லாதீர்கள், தம்பி. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கு நன்றியும் ஒரு கடன்தான், தினமும் கட்ட வேண்டிய கடன். சாம்பாரைக் குறை சொல்கிறாரா? நல்ல அறிகுறி. 120 பிள்ளைகளுக்குச் சமைத்தவர் நாக்கு அது. அதில் என்ன குறை என்று கேட்டீர்களா?

பதில்: கடைசி வரை

பெரியவர் எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. என் அப்பா இரண்டரை ஆண்டுகள் ஓர் இல்லத்தில் இருந்து அங்கேயே இறந்தார். அவருக்கு அலமாரியும் வரவில்லை, காபியும் வரவில்லை. முதுகில் படுக்கைப் புண் வந்தது, நாங்கள்தான் கண்டுபிடித்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டியவரை இரவு முழுவதும் ஒரே பக்கமாக விட்டிருக்கிறார்கள். “மனசை நல்லா வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்று எங்களுக்கு அறிவுரை வேறு. மகிழ்ச்சி வராத நோயாளி தோற்றுப்போனவர் இல்லை. திருப்பூர் நண்பரே, போகும்போதெல்லாம் முதுகையும் குதிகாலையும் பாருங்கள். மனம் அப்புறம்.

பதில்: பழைய சார்ட்டர்

“கடைசி வரை” என்ற பெயரில் எழுதிய அம்மா, நீங்கள் சொல்வது சரி. நான் எழுதும்போது அதை விட்டுவிட்டேன். என் முதுகில் புண் இல்லை, அதனால்தான் சட்டையைப் பற்றி நினைக்க முடிந்தது. எனக்கு எதிர்க் கட்டிலில் இருந்தவருக்கும் நான் சொன்னது எதுவும் நடக்கவில்லை. அவர் சன்னலுக்கு வெளியே வரும் மயிலைக்கூடப் பார்க்கவில்லை. அந்த மயிலும் அப்படி ஒன்றும் அழகில்லை, விடியற்காலையில் தொண்டை கிழியக் கத்தும். அவர் போன அன்று அவருடைய ஆறு துணியும் என் அலமாரியில் இருந்தன. மூன்று நாள் எடுக்கவில்லை.

திருப்பூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதுகையும் குதிகாலையும் பார்த்தேன். இடது குதிகால் சிவந்திருந்தது. சொன்னதும் அடியில் தலையணை வைத்துக் காலைத் தூக்கிவைத்தார்கள், இப்போது சரியாகிவிட்டது. மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார்.

சாம்பாரில் என்ன குறை என்று அம்மாவிடம் கேட்டேன். முதலில் பதில் இல்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, “புளியைக் கடைசியில் ஊற்றுகிறார்கள். பச்சை வாசம் போகவில்லை” என்றார். ஆறு மாதத்தில் அம்மா சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். அதை அப்படியே சமையற்கட்டில் போய்ச் சொன்னேன். சமையற்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. “இருபது வருடமாக நான் இப்படித்தான் வைக்கிறேன்” என்றார். மேலாளர் சமாதானம் செய்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சமையற்காரரே ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினார். அம்மா வலது கையால் வாங்கினார். நாக்கில் ஒரு சொட்டு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உப்புக் கம்மி” என்றார்.

“பிரஷர்காரர்கள் இருக்கிறார்கள், அதனால்தான்” என்று சமையற்காரர் சொன்னார்.

“அப்படியென்றால் வெந்தயத்தை வறுத்துப் போடு. உப்புக் குறைவது தெரியாது” என்றார் அம்மா. சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி கொடுத்த குறிப்பேடு இன்னும் டம்ளருக்கு அடியில்தான் இருக்கிறது.

பதில்: பழைய சார்ட்டர்

வறுத்த வெந்தயத்தை எங்கள் சமையற்கார அம்மாவிடம் சொன்னேன். எத்தனை பேருக்கு எவ்வளவு என்று கேட்கிறார். இங்கே நாற்பது பேர். அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள் தம்பி. அவசரமில்லை, செவ்வாய்க்கிழமைதான் சாம்பார்.

அப்புறம், அம்மாவுடைய சேலைகளில் பெயர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.